மாயம் என்றொரு சொல்

1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக்கு அப்பால் கடலில் 329 பேருடன் சிதறிய ஏர் இந்தியா விமானத்தை உலகம் 182 என்னும் எண்ணால் அறியும். நமக்கோ அது 'கனிஷ்கா'. போயிங் விமானங்களுக்குப் பேரரசர் பெயர்களைச் சூட்டிய அக்கால வழக்கத்தால், குஷாண மன்னன் ஒருவனின் பெயர் ஒரு வெடிகுண்டுச் சதிக்கு உரியதாயிற்று. 2010இல் 158 உயிர்களைப் பலிகொண்ட விபத்துக்கோ ஊர்ப்பெயரே நிலைத்தது: மங்களூர்.

எண்ணோ மன்னனோ ஊரோ வாய்க்காத விபத்தும் உண்டு. 2016 ஜூலை 22 காலை, இராஜகீழ்ப்பாக்கத்தை அடுத்துள்ள தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேர் நோக்கிப் புறப்பட்ட ஏ.என்.-32 விமானம் வங்கக்கடலின் மேல் தொடர்பிழந்தது. விழுந்த இடம் தெரியாதபோது எந்த ஊரின் பெயரால் அழைப்பது? வாலில் எழுதியிருந்த கே-2743 என்னும் எண்ணைப் படைத்துறையினரன்றிப் பிறர் அறியார். நாளிதழ்கள் 'விமானம் மாயம்' என்றன.

தலைப்புக்கு அடக்கமான சொல்தான். எனினும் நம் பழைய நூல்களில் மாயம் என்பது பொய், வஞ்சனை, தோற்றமயக்கம் என்னும் பொருள்களில் வழங்கியது. காணாமற்போனதைத் தேடலாம், மாயமானதை எங்கே தேடுவது? இச்சொல் துயரத்தை மர்மக்கதை ஆக்கிவிடுகிறது என்றே நாம் கருதுகிறோம். காத்திருந்த குடும்பங்களுக்கு அது கதையன்று. ஏழாண்டுகள் செய்தியில்லாதவரை இறந்தவராகக் கொள்வது நம் சாட்சியச் சட்டத்தின் பொதுநெறி. இங்கோ, அதே ஆண்டு செப்டம்பரிலேயே, 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்னும் முடிவு அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. இறந்தனர் என்பதற்கும் இறந்ததாகக் கருதப்படுகிறது என்பதற்கும் இடையில் இலக்கணம் காட்டும் தொலைவு சிறிது. அதற்குள் ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் வாழ நேர்கிறது.

பயணிகள் விமானமாயின் விசாரணை அறிக்கை பொதுவெளிக்கு வரும். அதில் காரணம் என்று ஒரு தலைப்பேனும் இருக்கும். படை விசாரணையின் முடிவுகளை முழுமையாக வெளியிடும் வழக்கமில்லை. ஆதலால் நாளிதழ் தந்த முதற்பெயரே நீடித்தது.

2024 ஜனவரியில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம், சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம்பிடித்திருந்ததாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. அக்கழகம் இருப்பது பள்ளிக்கரணையில். நம்மூர் வழியே செல்லும் அதே வேளச்சேரி–தாம்பரம் சாலையில். இடம், சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 140 கடல் மைல், அதாவது 310 கி.மீ. என்றது அறிக்கை. (பெருக்கிப் பார்த்தால் 260தான் வருகிறது.) அப்பகுதியில் வேறு விமானம் காணாமற்போனதாகப் பதிவில்லை என்பதைச் சுட்டி, சிதைவுகள் அவ்விமானத்தினுடையவையாக இருக்கக்கூடும் என்றது. ஏழரை ஆண்டுகளுக்குப் பின்னும் 'கூடும்'தான்.