ஒரு விசைப்பலகை, இரண்டு கணிப்பொறிகள்

கீழக்கரையில் நான் பணியாற்றும் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரே மேசையில் இரண்டு பழைய கணிப்பொறிகள் இருந்தன. ஒன்றில் லினக்சின் பழைய பதிப்பு. வெப்பநிலை அளவீடுகளை வாங்கி வைப்பது அதன் வேலை. மற்றொன்றில் விண்டோசு, அறிக்கை எழுதுவதற்கு. ஆனால் திரையும் விசைப்பலகையும் சுட்டெலியும் ஒவ்வொன்றுதான். நடுவே திருகு குமிழ் பொருத்திய ஒரு தகரப் பெட்டி. குமிழை இடப்புறம் திருப்பினால் முதல் கணிப்பொறி. வலப்புறம் திருப்பினால் அடுத்தது.

நியூட்டனின் குளிர்வு விதியைச் சோதித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, நடுவில் குமிழைத் திருப்பி அறிக்கையில் நாலு வரி எழுதிவிட்டு மீண்டும் லினக்சுக்குத் திரும்பினார். சுட்டெலி அசையவில்லை. “மெஷின் நின்னு போச்சு சார்” என்று சொல்லிக்கொண்டே மின்சாரத்தை அணைத்துவிட்டார். சேமிக்கப்படாத இரண்டு மணி நேர அளவீடுகள் போயின. உண்மையில் கணிப்பொறி நிற்கவே இல்லை. அளவீடுகளை வாங்கிக்கொண்டுதான் இருந்தது. கோளாறு எங்கே என்று காண, இக்கருவியின் வரலாற்றைச் சற்றுப் புரட்ட வேண்டும்.

1981இல் ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறி வெளிவந்தபோது விசைப்பலகை பேசும், கணிப்பொறி கேட்கும், அவ்வளவே. 1984இல் வந்த ஏ.டி. வகையில் கணிப்பொறியும் விசைப்பலகைக்குக் கட்டளையிடத் தொடங்கிற்று. 1987இல் வந்த பி.எஸ்./2 வகையில் சுட்டெலியும் இதே உரையாடலில் சேர்ந்துகொண்டது. ஆகவே அவற்றுக்கிடையே ஓடுவது வெறும் மின்கம்பி அன்று; கேள்வியும் பதிலுமாக நடக்கும் ஒரு பேச்சு. தகரப் பெட்டி கம்பியை மாற்றுகிறது. பேச்சைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

சுட்டெலிக்கு மின்சாரம் கணிப்பொறியிலிருந்தே வருகிறது. குமிழ் திரும்பும் கணத்தில் அது அறுந்தால், சுட்டெலி அனைத்தையும் மறந்துவிடும். மீண்டும் விழித்ததும் தன்னைச் சோதித்துக்கொண்டு, நலம் என்பதற்கு அடையாளமாக 170 என்ற எண்ணை அனுப்பிவிட்டு, “அசைவுகளைச் சொல்” என்ற கட்டளைக்குக் காத்திருக்கும். கணிப்பொறியோ, அக்கட்டளையைக் காலையிலேயே கொடுத்தாயிற்றே என்று சும்மா இருக்கும். சில இயக்க முறைமைகள் 170ஐக் கேட்டதும் விழித்துக்கொண்டு கட்டளையை மறுபடி தரும். சில தரா. எங்கள் பழைய லினக்சு இரண்டாம் வகை.

இதைவிடக் கடுமையான நிலை சன் நிறுவனத்தின் கணிப்பொறிகளில் இருந்தது. அவற்றின் விசைப்பலகைக் கம்பியைப் பிடுங்கினால், ‘நிறுத்து’ என்ற ஆணை வந்ததாகவே கணிப்பொறி எண்ணிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்த முறைமை முழுவதும் அங்கேயே நின்றுவிடும். நூறு பேர் பயன்படுத்தும் பொறியாக இருந்தாலும் இதே கதிதான்!

முத்துக்குளித்த காலத்தில், எங்கள் பக்கத்துக் கடலில் இறங்கியவரின் கயிற்றைப் படகில் ஒருவர் விடாமல் பிடித்திருப்பார். கயிறு கைநழுவினால், கீழே இருப்பவர் நலமா என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. தகரப் பெட்டி செய்தது கயிற்றை அறுக்கும் வேலை.

இதற்குத் தீர்வாக, பெட்டிக்குள்ளேயே ஒரு நுண்செயலியை வைத்தார்கள். ஒவ்வொரு கணிப்பொறிக்கும் அது ஒரு பொய் விசைப்பலகையாகவும் பொய்ச் சுட்டெலியாகவும் நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் ஓயாமல் பதில் சொல்லும். உண்மையான விசைப்பலகை எந்தப் பக்கம் போனாலும் கணிப்பொறிகளுக்குத் தெரியாது. இவ்வகைப் பெட்டிகளைச் செய்துவந்த சைபெக்ஸ் நிறுவனத்தை நிறுவிய ரெமிஜியஸ் ஷாடாஸ், விசைப்பலகை, காட்சி, சுட்டெலி என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 1995இல் கே.வி.எம். என்று பெயரிட்டார்.

1996இல் யு.எஸ்.பி. தரம் வந்த பின் தொல்லை ஒழிந்தது என்று எண்ணுவோர் உண்டு. பாதிதான் உண்மை. யு.எஸ்.பி.யில் கருவியை ஓடும்போதே பிடுங்கலாம், செருகலாம். ஆனால் மலிவான பெட்டிகள் ஒவ்வொரு மாற்றத்தையும் பிடுங்கிச் செருகுவதாகவே செய்கின்றன. கணிப்பொறி அறிமுகப் படலத்தை முதலிலிருந்து தொடங்குகிறது. திரைக்கும் இதே கதை. 1994இல் வந்த ஒரு தரத்தின்படி, திரை தன் அளவையும் திறனையும் 128 பைட்டுகளில் கணிப்பொறிக்குச் சொல்கிறது. தொடங்கும் நேரத்தில் திரை மறுபக்கம் இருந்தால், கணிப்பொறி ஏதோ ஒரு சிறு அளவை ஊகித்துக்கொள்ளும். படம் மங்கலாகவோ கோணலாகவோ வரும்.

தமிழ்நாட்டில் இரண்டு இயக்க முறைமைகளோடு வாழ்வது புதிதன்று. 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணிப்பொறித் திட்டத்தில் விண்டோசும், சென்னை சி-டாக் மையத்தில் உருவான பாஸ் லினக்சும் ஒரே பொறியில் வந்தன. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். இரண்டும் சேர்ந்து ஓட இரண்டு பொறிகளை வைத்துக்கொள்ளும்போதுதான் கே.வி.எம். பெட்டியின் தேவை எழுகிறது.

வாங்குவோர் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது, எத்தனை கணிப்பொறிகளை இணைக்கலாம் என்பதை மட்டுமன்று. பார்வையில் இல்லாத கணிப்பொறிக்கும் விசைப்பலகையும் சுட்டெலியும் திரையும் இருப்பதாகப் பெட்டி காட்டுமா? இதுதான் முதற்கேள்வி. அடுத்து, மாற்றுவதற்கான விசை. பல பெட்டிகளில் ‘ஸ்க்ரோல் லாக்’ விசையை இருமுறை தட்ட வேண்டும். ஆப்பிள் விசைப்பலகைகளில் அந்த விசையே கிடையாது! பெட்டியின் மீது ஒரு பொத்தானும் இருந்தால் நல்லது.

ஒன்றை மட்டும் எந்தப் பெட்டியும் செய்யாது. விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. விசையின் எண்ணைத்தான் அனுப்புகிறது. பி.எஸ்./2 பலகையில் ஆங்கில ‘ஏ’ பொறித்த விசையைத் தட்டினால் கம்பியில் செல்வது 28. அதை எழுத்தாக்குவது இயக்க முறைமை. லினக்சில் தமிழ்99 முறையும், விண்டோசில் பழைய தட்டச்சு முறையும் வைத்திருந்தோம். அதே விசை, அதே 28. ஒரு பொறியில் ‘அ’, குமிழைத் திருப்பினால் ‘ய’. மாணவர்கள் பெட்டியைத்தான் குறை சொன்னார்கள். அந்த ஒரு குற்றத்தில் மட்டும் தகரப் பெட்டிக்குப் பங்கில்லை.