கித்தானும் தகடும்: தண்ணீர்மலைச் சாலையில் வண்டிக் கூரைகளின் வரலாறு

பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் நகரின் மேற்கு ஓரத்தில், கொடிமலையின் அடிவாரத்தில் அமைந்த அருவியையும் அதைச் சூழ்ந்த பகுதியையும் தமிழர் தண்ணீர்மலை என்று வழங்கி வருகின்றனர். 1884-ல் சார்லஸ் கர்ட்டிஸின் பொறுப்பில் உருவான தாவரவியல் பூங்காவும், தைப்பூசத்தால் பெயர்பெற்ற முருகன் கோயில்களும் இங்கேயே உள்ளன. துறைமுகத்திலிருந்து இவ்விடம் வரையிலான சாலை பெரும்பாலும் சமதரையில் செல்ல, பூங்காவின் வாயிலில் தொடங்கும் மலைச்சாலையோ ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவுக்குள் 700 மீட்டர் அளவுக்கு உயர்ந்துவிடுகிறது. வண்டிக்குக் கூரை வேண்டுமா, வேண்டுமெனில் மடக்கக்கூடிய மென்கூரையா, அசையாத வன்கூரையா என்ற கேள்விக்கு இவ்விரு வழிகளும் வெவ்வேறு விடைகளைக் கேட்டன.

மோட்டார் வண்டிகளுக்கு முன்பே தமிழர் இக்கேள்வியை அறிந்திருந்தனர். மூங்கில் பிளாச்சுகளை வில்லாக வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டு, மாட்டுவண்டியின் நிலையான உறுப்பன்று. குடும்பம் பயணம் செய்யும் நாளில் ஏற்றிக் கட்டப்பட்டு, நெல்லோ விறகோ ஏற்றும் நாளில் கழற்றி வைக்கப்பட்டது. பினாங்கில் மாட்டுவண்டித் தொழிலில் பெருமளவில் ஈடுபட்ட தமிழர் இவ்வழக்கத்தையும் அறிந்தே கடல் கடந்து வந்தனர். வசதி படைத்தோர் ஏறிய குதிரைவண்டிகளுள் சில பலகைச் சட்டங்கள் கொண்ட மூடிய பெட்டிகளாக இருந்தன. 1880-களில் பரவிய கைரிக்‌ஷாவோ மழைக்கு விரித்து வெயில் தாழ்ந்ததும் மடக்கும் துணிக்கூரையைக் கொண்டுவந்தது. 1940-களில் பெருகிய, பயணி முன்னால் அமரும் பினாங்கு டிரைஷாவும் அதே மடக்குக் கூரையைத் தொடர்ந்தது. காரைக்குடியில் செய்யப்பட்டு 1894-ல் பினாங்குக்கு வந்த நகரத்தாரின் வெள்ளிரதம் மட்டுமே, இறைவனின் ஊர்தி என்பதால், மாற்றத்திற்கு இடமளிக்காத விமானத்தைத் தாங்கித் தண்ணீர்மலைக்குச் சென்றது.

1945 செப்டம்பரில் ஆங்கிலேயப் படைகள் தீவுக்குத் திரும்பிய காலத்தில், நேசநாட்டுப் படைகளின் பொது வண்டியாக ஜீப் ஆகியிருந்தது. கப்பலில் அடுக்குவதற்கும், பகைவர் கண்ணுக்குத் தாழ்வாகத் தெரிவதற்கும், எடை குறைவதற்கும் ஏற்ற வகையில் அதன் கூரை இரண்டு வளைகம்பிகளின் மேல் இழுத்துக் கட்டப்படும் கித்தானாக, அதாவது தடித்த பருத்தித் துணியாக, அமைக்கப்பட்டது. முன்கண்ணாடியையும் மடித்துப் படுக்கவைக்க முடிந்தது. போர்த் தேவை வகுத்த இவ்வடிவமே அமைதிக் காலத்திலும் காட்டுவழி வண்டிகளுக்கு இலக்கணமாயிற்று. இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1947-ல் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியபோதும் கித்தான் கூரையே அவற்றின் அடையாளமாக இருந்தது.

1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட்ரோவர், போருக்குப் பின் எஃகு கிடைக்காத நிலையில் அலுமினியக் கலவைத் தகட்டால் உடல் அமைக்கப்பட்ட வண்டியாயினும், கூரைக்கு அதுவும் கித்தானையே நாடியது. அதே ஆண்டில் மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்திய வன்கூரை வகையொன்றும் வெளிவந்தது. ஆனால் பிரிட்டனில் கித்தான் கூரை வண்டி உழவுத் தொழிலுக்குரியதாகக் கருதப்பட்டுக் கொள்முதல் வரியிலிருந்து விலக்குப் பெற, வன்கூரை வண்டி பயணக் காராகக் கணக்கிடப்பட்டு வரிக்கு உட்பட்டதால், சில நூறு வண்டிகளோடு 1951-ல் அவ்வகை நின்றுபோயிற்று. கித்தான் கூரையைக் கரடுமுரடான வாழ்க்கையின் சின்னமாகப் பிற்காலத்தார் போற்றுகின்றனர். அதன் தொடக்க வெற்றியில் வரிச்சட்டத்திற்கும் பங்கிருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

மலாயாவில் இத்தேர்வு உயிர்ப் பிரச்சினையாகவும் ஆயிற்று. 1948 ஜூனில் அறிவிக்கப்பட்டு 1960 ஜூலை வரை நீடித்த அவசரகாலத்தில், கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் தோட்டப்புறச் சாலைகளில் பதுங்கித் தாக்கினர். திறந்த வண்டியிலிருந்து நொடியில் குதித்துப் பள்ளத்தில் படுத்துவிடலாம். மூடிய வண்டியில் அது எளிதன்று. ஆயினும் குண்டைத் தடுக்கும் ஆற்றல் கித்தானுக்கு இல்லை. வெறும் அலுமினியத் தகடும் அதைத் தடுக்காது. எனவே தோட்ட நிர்வாகிகள் பலர் எஃகுத் தகடு பொருத்திய வண்டிகளை நாடினர். 1951 அக்டோபர் 6 அன்று பிரேசர் மலைச் சாலையில் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி கொல்லப்பட்ட நிகழ்வு, மலைச்சாலையில் கவசமில்லாத பயணத்தின் அபாயத்தை நாடு முழுவதும் உணர்த்தியது.

பினாங்கின் வானிலை இரு கூரைகளையும் சோதிக்கக்கூடியது. ஆண்டு மழை 2,400 மில்லிமீட்டரை ஒட்டியது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அது உச்சம் அடைகிறது. பருத்திக் கித்தான் நனைந்ததும் நூலிழைகள் உப்பி இடைவெளிகளை அடைத்துக்கொள்வதால் மழை எளிதில் உள்ளே இறங்குவதில்லை; ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்துத் துணி மக்கிவிடுகிறது. பக்கத் திரைகளைச் சுருட்டிவிட்டால் காற்று தாராளமாக வரும். பூட்டி வைக்க மட்டும் வழியில்லை. தகட்டுக் கூரை பூட்டுக்கும் மழைக்கும் உகந்தது. எனினும் நண்பகல் வெயிலில் காய்ந்து வெப்பத்தை உள்ளிருப்போர் தலைமேல் இறக்குகிறது. மேலும் கூரையில் எடை கூடினால் வண்டியின் ஈர்ப்பு மையம் உயர்கிறது. சரிவான வளைவில் சாயும் வாய்ப்பு அதனால் மிகுகிறது.

தகட்டுக் கூரையின் வெப்பச் சிக்கலுக்கு லேண்ட்ரோவர் 1950-களின் நடுப்பகுதியில் அளித்த விடை, இவ்வரலாற்றின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு என்று துணிந்து சொல்லலாம். வெப்பமண்டலக் கூரை எனப்பட்ட அது, வழக்கமான தகட்டுக்கு மேலே சிறிது இடைவெளி விட்டு இன்னொரு தகட்டைப் பொருத்திய இரட்டைக் கூரையாகும். மேல்தகடு வெயிலைத் தாங்கிக் கீழ்த்தகட்டுக்கு நிழல் தர, வண்டி ஓடும்போது இடையே புகும் காற்று வெப்பத்தை அகற்றிவிடுகிறது. எரிபொருளோ மின்சாரமோ இன்றி, நிழலையும் காற்றையும் மட்டுமே நம்பிய அமைப்பு இது. வண்டிக்குள் குளிர்சாதனம் வழக்கமான பின் இரட்டைக் கூரை பின்னாளைய மாதிரிகளிலிருந்து மறைந்தது. அது இழப்பே.

கொடிமலைக்கு 1923 முதல் மலைரயில் உண்டு. அதற்கு முன் மக்கள் நடந்தோ, மட்டக்குதிரையிலோ, ஆட்கள் சுமந்த டோலியிலோ ஏறினர். ஆயினும் மலைவாசிகளின் சரக்கும் பராமரிப்புப் பொருள்களும் ரயிலை மட்டும் நம்பியிருக்க இயலாததால், பூங்கா வாயிலிலிருந்து மேலேறும் ஜீப் பாதை இன்றியமையாததாயிற்று. 2010 தொடக்கம் முதல் 2011 ஏப்ரல் வரை புதுப்பிப்புக்காக மலைரயில் நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் வண்டிகளுக்கு வழியாக இருந்தது இப்பாதையே. அனுமதி பெற்ற நான்கு சக்கர உந்து வண்டிகள் மட்டுமே செல்லும் இதில் அழகு கருதிக் கூரையைத் தேர்ந்தெடுப்பது பயன் தராது. காய்கறி மூட்டையும் எரிவாயு உருளையும் ஏற்றுவோருக்குக் கூரை கழன்று பின்புறம் திறந்திருப்பதே வசதி. கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட்ரோவர்கள் நெடுங்காலம் உழைத்ததும் இவ்வகையிலேயே.

2020 அக்டோபரில் வெளிவந்த மகிந்திரா தார் மென்கூரை, வன்கூரை இரண்டையும் மீண்டும் ஒரே வண்டியின் தேர்வுகளாக முன்வைத்தது. தண்ணீர்மலைச் சாலையின் அனுபவத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்வதானால், சரக்கு ஏற்றி மலை ஏறும் வண்டிக்குக் கித்தானும், ஆட்களை ஏற்றி மழையிலும் வெயிலிலும் நாள்தோறும் ஓடும் வண்டிக்கு இரட்டைத் தகடும் பொருந்தும். ஒற்றைத் தகட்டுக் கூரை, குளிர்சாதனத்தின் துணையில்லாமல், பினாங்கின் வெயிலுக்கு ஏற்றதன்று.