கண்ணாடி போச்சு, கட்டம் நின்னுச்சு

போன வாரம் ஆபீஸ்ல ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, பழைய டிஎஸ்எல்ஆர் ஒண்ணு சல்லிசா கிடைக்குது. ஆனா ஃபுல் ஃபிரேம் இல்லையாம். வாங்கலாமா?" அப்போ சட்டுனு பதில் வரல. அந்தக் கேள்விக்குள்ள நூறு வருஷக் கதை இருக்கு.

முதல்ல இந்த "ஃபுல்" எங்கேர்ந்து வந்தது? ஜெர்மனியில வெட்ஸ்லார்னு ஒரு ஊர். அங்கே லைட்ஸ் கம்பெனியில ஆஸ்கர் பார்னாக்னு ஒருத்தர் வேலை பார்த்தார். அப்போ சினிமா ஃபிலிம்ல ஒரு கட்டம் 18க்கு 24 மில்லிமீட்டர். அதே ஃபிலிமைப் படுக்கவாட்டுல ஓட்டி, ரெண்டு கட்டத்தை ஒண்ணாக்கினார். 24க்கு 36. அந்தக் கேமரா 1925ல லைகாங்கிற பேர்ல விற்பனைக்கு வந்தது. அந்த அளவு இயற்கை விதி ஒண்ணும் இல்லை. கையில இருந்த ஃபிலிமுக்கு ஏத்த அளவு, அவ்வளவுதான். ஆனா அதுக்கப்புறம் 35 மி.மீ. கேமராவுக்கு வந்த லென்ஸ்கள் அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் செய்யப்பட்டன.

இப்போ 1999. நிக்கான் டி1 வருது. 2.7 மெகாபிக்சல். சென்சாரோட பரப்பு அந்தக் கட்டத்துல பாதி கூட இல்லை. ஏன்? விலை. ஒரு தட்டு மைசூர்பாகுல அங்கங்கே நாலு கல் கிடக்குதுன்னு வெச்சுக்கோங்க. சின்னத் துண்டா வெட்டினா நாலு துண்டு போகும், மிச்சம் நிறைய தேறும். பெரிய துண்டா வெட்டினா பாதித் தட்டே போயிடும். சிலிக்கான் தட்டும் அப்படித்தான்.

ஆனா நிக்கான் 1959லேர்ந்து ஒரே மவுண்ட்டை வெச்சிருந்தது. வாடிக்கையாளர் வீட்டுல இருக்கிற லென்ஸை ஒதுக்க முடியாது. பழைய லென்ஸ், சின்ன சென்சார். நடுப்பகுதி மட்டும்தான் பதிவாகும்; 50 மி.மீ. லென்ஸ் 75 மாதிரி பார்க்கும். அதுக்கு "கிராப்"னு பேர் வந்தது. பேர்லயே ஒரு குறை!

2002ல கேனன் 1டிஎஸ் முழுக் கட்டத்தோட வந்தது. 2005ல 5டி அதை இன்னும் பல பேருக்கு எட்டுற மாதிரி ஆக்கியது. 864 சதுர மி.மீ.க்கு எதிரே சுமார் 370. ஒரே எக்ஸ்போஷர்ல ரெண்டு மடங்குக்கு மேல வெளிச்சம் சேரும். ராத்திரிப் படத்துல வித்தியாசம் நல்லாவே தெரியும்.

சண்டையே சென்சார் அளவுலதான்னு எல்லாரும் நினைச்சோம். ஆனா காலாவதியாகிட்டு இருந்தது கண்ணாடி.

யோசிச்சுப் பாருங்க. ஃபிலிம் என்ன பார்க்குதுன்னு முன்கூட்டியே நமக்குக் காட்டாது. அதனாலதான் லென்ஸுக்குப் பின்னாடி ஒரு கண்ணாடி. சென்சார் அப்படியில்லை, அது பார்க்கிறதை அப்பவே திரையில காட்ட முடியும். திரை நல்லா இல்லாத வரைக்கும், வேகமான ஃபோகஸ் கண்ணாடியை நம்பியிருந்த வரைக்கும், கண்ணாடிக்கு வேலை இருந்தது. 2008ல பானசோனிக் ஜி1 அதைக் கழட்டியது. 2013ல சோனி ஏ7 முழுக் கட்டத்தோட அதே வேலையைச் செஞ்சது. 2018ல நிக்கானும் கேனனும் புது மவுண்ட்டோட பின்னாடியே வந்தாங்க. 2020க்குப் பிறகு ரெண்டு பேரும் புது டிஎஸ்எல்ஆர் எதுவும் விடலை. பென்டாக்ஸ் மட்டும் 2021ல கே-3 மார்க் 3 விட்டது.

நம்ம பாஷையில சொன்னா, கண்ணாடி ஒரு வொர்க்அரவுண்ட். பிரச்சினை தீர்ந்த பிறகும் கோட்ல கிடந்தது.

நான் முதல் சம்பளத்துல வாங்கினது ஒரு கிராப் கேமரா. என் படம் சுமாரா வர்றதுக்கு சென்சார்தான் காரணம்னு மூணு வருஷம் நம்பினேன். ஃபுல் ஃபிரேமுக்குக் காசு சேர்த்தேனே தவிர, படம் எடுக்கலை. அந்த மூணு வருஷத்துலதான் தாத்தாவும் போனார். அவரோட நல்ல படம் என்கிட்ட ரெண்டே ரெண்டுதான் இருக்கு.

அதனால தம்பிக்கு என் பதில்: வாங்கு. நிக்கான்ல மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் நடுவே இருந்த தூரம் 46.5 மி.மீ.லேர்ந்து 16 ஆச்சு. கண்ணாடி காலி பண்ணின அந்த இடத்துல இப்போ ஒரு அடாப்டர் உட்காருது. உன் லென்ஸ் நாளைக்கும் உதவும். முதல் படம் வீட்டுல எடு.