துருவும் குரோமும்: ஓர் எண்ணெய் டிரம் வாத்தியமான கதை

ஸ்டீல்பான் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? (வெற்றிலை பான் இல்லை நண்பர்களே!) கரீபியன் கடலில் இருக்கும் டிரினிடாட் தீவில் பிறந்த வாத்தியம் இது. எண்ணெய் அடைத்து வந்த 55 கேலன், அதாவது சுமார் 208 லிட்டர் கொள்ளளவுள்ள இரும்பு டிரம்மை வெட்டி, சுத்தியலால் அடித்துக் குழித்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு சுரம் பேசும்படி செய்கிறார்கள். இன்றைக்கு நல்ல ஸ்டீல்பான்கள் கண்ணாடி போலப் பளபளக்கின்றன. ஆனால் ஆரம்பத்தில் அவை இப்படி இல்லை. அந்தப் பளபளப்பு எப்படி வந்தது என்று தேடிப் போனால் ஒரு மக்கள் கூட்டத்தின் மானப் போராட்டமே கிடைக்கிறது.

தடையில் பிறந்த ஓசை

டிரினிடாட் அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் சந்ததியினர் கார்னிவல் நாட்களில் முரசடித்து ஊர்வலம் போவார்கள். 1881இல் போலீசுக்கும் அவர்களுக்கும் பெரிய மோதல் நடந்தது. 1884இல் சட்டம் போட்டு முரசுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தார்கள். மக்கள் சும்மா இருந்தார்களா? மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். அதற்குப் பெயர் 'டம்பூ பாம்பூ'.

1930களில் மூங்கிலோடு தகரமும் சேர்ந்தது. பிஸ்கட் டின், பெயின்ட் டின், குப்பைத் தொட்டி மூடி என்று கையில் கிடைத்ததையெல்லாம் தட்டினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படை அங்கே தளம் அமைத்தது. எண்ணெய் டிரம்கள் ஏராளமாகக் கிடைத்தன. போர் முடிந்த சமயத்தில் எல்லி மானெட், வின்ஸ்டன் 'ஸ்பிரீ' சைமன் போன்ற இளைஞர்கள் தகரத்தில் சுரங்களைப் பிரித்து எடுக்கும் வேலையில் இறங்கியிருந்தார்கள்.

இவர்கள் பெரும்பாலும் ஏழைக் குடியிருப்புப் பையன்கள். "பான் அடிக்கிறவன்" என்றால் ரவுடி என்றுதான் அர்த்தம். பெற்றோரே அடித்து விரட்டினார்கள், போலீஸ் டிரம்களைப் பறித்துக்கொண்டு போனது. நாளைக்கே பறிபோகக்கூடிய ஒரு பொருளுக்கு யார் பாலிஷ் போடுவார்கள்? ஒரு சீசன் அடிப்பது, சப்பையானால் தூக்கி எறிந்துவிட்டு வேறு டிரம் தேடுவது. அவ்வளவுதான்.

லண்டனில் துருப்பிடித்த டிரம்கள்

1951 ஜூலையில் திருப்பம் வந்தது. பிரிட்டன் விழாவுக்காக டாஸ்போ என்ற டிரினிடாட் குழு லண்டன் சென்றது. பல குழுக்களிலிருந்து பொறுக்கியெடுத்த கலைஞர்கள் அதில் இருந்தார்கள். மானெட், சைமன், ஆன்டனி வில்லியம்ஸ் மூவரும் உண்டு. ஜோசப் கிரிஃபித் என்ற போலீஸ் பேண்டு அதிகாரி பயிற்சி கொடுத்தார். சுரங்கள் எல்லாமும் முழுமையாக இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார்.

லண்டன்காரர்கள் முதலில் கண்டது பழைய எண்ணெய் டிரம்களை. இதில் என்ன சங்கீதம் வரப் போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். வாசிக்க ஆரம்பித்ததும் நிலைமை மாறியது. ஊருக்குள் ரவுடிச் சத்தம் என்று சொல்லப்பட்டது, வெளியூர் கைதட்டலுக்குப் பிறகு 'நம்ம இசை' ஆனது. (நம் ஊரிலும் இது நடப்பதுதானே!)

துரு ஏன் எமன்?

இங்கே கொஞ்சம் அறிவியல். டிரம் தகரத்தின் தடிமன் சுமார் 1.2 மில்லிமீட்டர். குழிக்கும்போது தகரம் இழுபடுவதால், நடுப்பகுதியில் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். சுரம் என்பது அந்தத் தகரத்தின் தடிமனையும் இறுக்கத்தையும் வளைவையும் பொறுத்தது. துரு இரும்பைத் தின்னும்போது சுரத்தையும் சேர்த்தே தின்கிறது. தீவில் உப்புக்காற்று வேறு. போதாததற்கு, டிரம்மை நெருப்பில் சுட்டுப் பதப்படுத்தும்போது பழைய பெயின்ட் எரிந்துபோய் இரும்பு வெறுமையாக நிற்கும்.

பெயின்ட் அடித்தால் போதாதா? வெளிப்பக்கத்துக்குச் சரி. சுரம் பேசும் இடத்தில் தடிமனாக அடித்தால் ஓசை மந்தமாகிவிடும். அதனால்தான் குரோம் முலாம் வந்தது. முலாம் என்றால் குரோம் மட்டும் இல்லை, அடியில் நிக்கல் பூச்சு இருக்கும். குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான மெல்லிய படலம், துருவைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு நிக்கலுடையது. முலாம் ஏறியதும் சுருதி கொஞ்சம் விலகும் என்பதால் மறுபடியும் சுத்தியலோடு உட்கார்ந்து சேர்க்க வேண்டும். அந்த அடியில் முலாம் வெடிக்காமல் பார்த்துக்கொள்வதே பெரிய கைத்திறமை.

காப்பாற்றும் வழிகள் வேறும் வந்தன. குச்சியின் நுனியில் ரப்பர் சுற்றும் வழக்கத்தை மானெட் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். ஓசையும் இனிமையானது, பரப்பும் கீறலிலிருந்து தப்பியது. வெயில் சூட்டில் சுருதி மாறுவதைக் கவனித்த பெர்ட்டி மார்ஷல் வாத்தியங்களுக்கு மேலே பந்தல் போட்டார்.

கணக்குப்பதிவியல் பார்வையில்

பி.காம் படிக்கிறவன் இதை விடுவேனா? எண்ணெய் தீர்ந்த டிரம் ஏட்டுக் கணக்கில் எஞ்சிய மதிப்பு மட்டுமே உள்ள பழைய இரும்பு. அதற்கு முலாம் பூசுவது, பல வருடம் பயன் தரும் முதலினச் செலவு. ஒரு பொருளுக்கு முதலினச் செலவு செய்கிறோம் என்றாலே, இது நாளைக்கும் நம்மிடம் இருக்கும் என்று நம்புகிறோம் என்று பொருள். 1940களில் அந்தப் பையன்களுக்கு இல்லாதது அந்த நம்பிக்கைதான். 1962இல் நாடு விடுதலை அடைந்தது, 1963இல் பனோரமா போட்டி தொடங்கியது. ஷெல், எஸ்ஸோ, பான் ஆம் போன்ற கம்பெனிகள் குழுக்களுக்குப் பணம் கொடுத்தன. டிரம் நிலைச்சொத்தாக மாறியது, பராமரிப்பும் பின்னாலேயே வந்தது.

ஆனால் ஐந்தொகையில் ஏறாத ஒரு செலவு உண்டு. முலாம் தொட்டியில் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். பளபளப்புக்கான விலையைப் பட்டறைத் தொழிலாளி நுரையீரலால் கட்ட நேரிடலாம். சிலர் பவுடர் கோட்டிங் பக்கம் போயிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பான்ஆர்ட் பட்டறை தகரத்தை நைட்ரஜனால் கடினப்படுத்தும் முறையைக் கையாண்டு, 2000 வாக்கில் 'ஹாங்' என்ற புது வாத்தியத்தைக் கொண்டுவந்தது. அதற்கும் துடைப்பதும் எண்ணெய் தடவுவதும் தப்பாது.

வாத்தியக்காரர்கள் சொல்லும் பராமரிப்பு எளிமையானது. வாசித்ததும் விரல் ஈரத்தை மென்மையான துணியால் துடைக்க வேண்டும். சொரசொரப்பான பொடி போட்டுத் தேய்க்கக் கூடாது. சுரத்தின் மேல் அழுத்தக் கூடாது. வெயிலில் விடக் கூடாது. முலாமில் புள்ளி விழுந்தால் உடனே கவனிக்க வேண்டும், ஏனென்றால் துரு அடியில் பரவும்.

1992இல் ஸ்டீல்பான் டிரினிடாட் டொபேகோவின் தேசிய வாத்தியம் ஆனது. 2023இல் ஐ.நா. பொதுச்சபை ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல்பான் தினமாக அறிவித்தது. 2025 தொடக்கத்தில் அந்நாட்டு நாடாளுமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அரசு இலச்சினையில் இருந்த கொலம்பஸின் மூன்று கப்பல்களை எடுத்துவிட்டு ஸ்டீல்பானை வைக்க ஒப்புதல் கொடுத்தது!

போலீஸ் பறித்துக்கொண்டு போன அதே தகரம்தான் இது. மதிப்பு இருந்ததால் காப்பாற்றினார்களா, காப்பாற்றியதால் மதிப்பு வந்ததா? எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. யாரும் மதிக்காத காலத்திலேயே குச்சிக்கு ரப்பர் சுற்றி, சுருதி பார்த்து, தட்டித் தட்டிச் சரிசெய்த சிலர் இருந்தார்கள். குரோம் பிறகுதான் வந்தது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது நண்பர்களே?