தண்டுவட ஆஞ்சியோகிராம் பிறந்த கதை

முதுகில் யாரோ கத்தியை இறக்கியது போன்ற திடீர் வலி; வெளியே காயமோ கீறலோ இல்லை. தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கசியும்போது வரும் இந்த வலிக்கு, 1928இல் பிரெஞ்சு மருத்துவர் மிஷோன் 'கத்திக்குத்து' என்றே பெயர் வைத்தார். பெயர் கிடைத்துவிட்டது. எந்த ரத்தக்குழாய் வெடித்தது என்று பார்க்கத்தான் வழியில்லை.

தண்டுவட ரத்தக்குழாய்களை போலந்தின் கிராகோவில் இருந்த ஆடம்கீவிச் 1880களின் தொடக்கத்திலேயே வரைந்து காட்டியிருந்தார். ஆனால் அது பிணங்களில் செய்த ஆய்வு. உயிருள்ளவரின் மூளைக் குழாய்களை 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் எக்ஸ்ரேயில் கொண்டுவந்தார். கழுத்துத் தமனியில் அயோடின் மருந்தைச் செலுத்தினால் போதும், மூளை தெரிந்தது. தண்டுவடம் அப்படி இடம் கொடுக்கவில்லை. பெருந்தமனியிலிருந்து முள்ளெலும்புக்கு முள்ளெலும்பு, இரு பக்கமும் கிளைகள் பிரிகின்றன. தண்டுவடத்துக்கு ரத்தம் தருபவை அவற்றில் சிலதான். பெருந்தமனியில் மருந்தைக் கொட்டினால் அது கரைந்தோடிவிடும்.

1953இல் ஸ்வீடனின் செல்டிங்கர் தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்த ஓர் எளிய வழி சொன்னார்: ஊசியால் குத்து, அதன் வழியே கம்பியை விடு, ஊசியை உருவு, கம்பிமேல் குழாயை ஏற்று. அந்த வழியைப் பிடித்துக்கொண்டு 1960களில் பாரிஸில் ஜின்ஜியானும் அமெரிக்காவில் டி கிரோவும் அவர்களது குழுவினரும் தொடையிலிருந்து மேலேறி, கிளை கிளையாக மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். இதுதான் தண்டுவட ஆஞ்சியோகிராம். ஆடம்கீவிச் பெயர் தாங்கிய தமனி, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு போலத் திரும்புவது உயிருள்ள உடலிலேயே தெரிந்தது. தமனிச் சுவர் பலவீனப்பட்டு உப்பிய அபூர்வமான புடைப்புகளும் சிக்கின.

இன்றும் ரத்தம் கசிந்த இடத்தைத் தேடுவது பெரும்பாலும் மூளையில்தான் தொடங்குகிறது. ரத்தம் மேலேறித் தலைவலியும் தருவதால் மருத்துவர்கள் முதலில் அங்கே பார்க்கிறார்கள். அங்கே ஒன்றும் அகப்படாதபோது, முதுகுவலியும் கால் பலவீனமும் இருந்தால், கீழே தேடியே ஆக வேண்டும். எம்.ஆர்.ஐ. ரத்தத்தைக் காட்டும், புடைப்பை உறுதிசெய்ய ஆஞ்சியோகிராம்தான்.

கண்டுபிடித்த பிறகுதான் உண்மையான சங்கடம். தண்டுவடத்தின் முன்தமனி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. புடைப்பை அடைக்கப்போய் அந்தத் தமனியே அடைபட்டால் கால்கள் செயலிழக்கலாம். அடைத்தாலும் தண்டுவடம் தாங்கும் கிளை என்றால் பசையோ சுருள்கம்பியோ வைக்கலாம். இல்லையென்றால் அறுவை சிகிச்சை. சில புடைப்புகள் தாமாகவே உறைந்து மறைவதும் உண்டு. ஆகவே நோயாளியின் நிலை இடம் கொடுத்தால் காத்திருப்பதும் சிகிச்சைதான் என்பேன். கைகட்டி நிற்பதல்ல அது. சில நாட்களோ வாரங்களோ கழித்து மறுபடி அதே தொடை, அதே குழாய், அதே கிளை. உப்பல் இன்னும் இருக்கிறதா என்று.