பால் இறங்கிய கால்

பிரசவமாகி ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு கால் மட்டும் வீங்கும். தொட்டால் உயிர் போகிற வலி. தோல் சிவக்காது, வெளுத்துப் பளபளக்கும். பழைய ஐரோப்பிய மருத்துவ நூல்களைப் படிக்கும்போது இந்த வர்ணனை எனக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்தது. ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் 'மில்க் லெக்', பால் கால். தாய்ப்பால் வழிதவறிக் காலில் இறங்கிவிட்டதாம்!

சிரிக்காதீர்கள். பால் சுரக்கிற நாட்களில் வருகிறது, காலும் வெள்ளையாக இருக்கிறது. வேறென்ன நினைப்பார்கள்? 1668இல் பிரான்சின் மோரிசோ, பிரசவத்துக்குப் பின் வெளியேற வேண்டிய கழிவு நீர் உள்ளேயே திரும்பியதுதான் காரணம் என்றார். அடுத்த நூற்றாண்டில் ப்யூசோ, பால்தான் என்றார். அந்த நூற்றாண்டின் கடைசியில், இந்த வீக்கம் வராமலிருக்கத் தாய்ப்பால் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். காரணம் தப்பு, புத்திமதி நல்லது.

1784இல் மான்செஸ்டரின் சார்லஸ் வைட் பாலை ஒதுக்கிவிட்டு, நிணநீர்க் குழாய்களில் கோளாறு என்றார். 1823இல் லண்டன் மருத்துவர் டேவிட் டேவிஸ் (விக்டோரியா ராணி பிறந்தபோது உடனிருந்தவர்) இந்த நோயோடு இறந்த பெண்களின் உடலை அறுத்துப் பார்த்தார். இடுப்புப் பக்கத்துச் சிரைகளில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. பால் எங்கேயும் இல்லை.

பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடாமலிருக்க, கர்ப்பிணியின் ரத்தம் சீக்கிரம் உறையும்படி உடம்பே மாறிக்கொள்கிறது. அதே ஏற்பாடுதான் காலில் வினையாகிறது. அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போகும் என்பதை 1840களில் தொடங்கி ஜெர்மனியின் விர்ச்சோ நிரூபித்தார். கால் வீக்கமும், தேறி வந்த தாய் திடீரென மூச்சுமுட்டிச் சாவதும் ஒரே கதைதான் என்று தெரிந்தது.

இவ்வளவு தெரிந்த பிறகும் வைத்தியம் என்ன? படுக்கை! அசைந்தால் கட்டி நகர்ந்துவிடும் என்று பயந்து காலை உயர்த்திக் கட்டி வாரக்கணக்கில் படுக்கவைத்தார்கள். படுத்தே கிடந்தால் ரத்த ஓட்டம் மந்தமாகி இன்னும் உறையும். 1940களில்தான் ஸ்வீடனின் குன்னார் பாவர் போன்றவர்கள் ஹெபாரின் ஊசி போட்டுச் சில நாட்களிலேயே நோயாளிகளை நடக்கவிட்டார்கள். டேவிஸ் கத்தியை வைத்து 120 வருஷம் ஆகியிருந்தது.

பிள்ளை பெற்ற முதல் ஆறு வாரத்தில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் இன்று டாப்ளர் ஸ்கேன் எடுக்கிறார்கள். வீட்டில் தைலம் தேய்த்துக் காத்திருக்கக் கூடாத வீக்கம் அது.