இருட்டறை முதல் கணினித் திரை வரை: மாணவர்கள் வளர்த்த ஒரு கலை

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் என் மகன், சென்ற விடுமுறையில் டிஜிட்டல் புகைப்படக் கலையையும் படத் திருத்தத்தையும் தானாகவே கற்கத் தொடங்கினான். இதை அறிந்த ஊர் அன்பர்கள் சிலர், ஒரு விழா மலருக்கான படங்களைச் சீர்செய்து தரும்படி அவனைக் கேட்டுக்கொண்டனர். மங்கிய படங்களுக்கு ஒளியூட்டினான். தூசுப் புள்ளிகளை நீக்கினான். கடைசிப் படத்தைக் காட்டிய ஒருவர், "பின்வரிசை நாற்காலிகள் காலியாகத் தெரிகின்றன, ஆட்களை வைத்து நிரப்பிவிடுங்கள், தம்பி" என்றார். அன்றிரவு அவன் என்னிடம், "வாப்பா, தூசியை நீக்கியதும் திருத்தம்தான், இதுவும் திருத்தம்தான். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்டான். உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. அந்தக் கலை வந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்த பிறகே விடை தெளிவாயிற்று.

அவ்வழியின் தொடக்கத்தில் நிற்கும் பேரறிஞர் இப்னுல் ஹைதம். ஏறத்தாழ கி.பி. 965இல் பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்தவர். ஏழு பாகங்களைக் கொண்ட 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூல் அவருடைய தலைசிறந்த ஆக்கம். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் நாம் காண்கிறோம் என்று அக்கால அறிஞர் பலர் நம்பினர். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காட்சி உண்டாகிறது என்பதை இப்னுல் ஹைதம் சோதனைகளின் துணையோடு நிறுவினார். துவாரம் ஒன்றுக்கு எதிரே பல விளக்குகளைத் தனித்தனி இடங்களில் வைத்து, இருண்ட அறையின் உள்ளே விழும் ஒளிப் பொட்டுகளைக் கவனித்தார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. மறைப்பை அகற்றியதும் மீண்டும் தோன்றியது. ஒளிகள் துவாரத்தில் ஒன்றையொன்று கடந்தும் கலந்துவிடாமல் நேர்கோட்டில் செல்கின்றன என்பதை இவ்வாறு விளக்கினார்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துவது கடமை. 'கேமரா' என்ற சொல் 'கமரா' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்றும், கேமராவைக் கண்டுபிடித்தவரே இப்னுல் ஹைதம்தான் என்றும் நம்மிடையே அடிக்கடி செய்திகள் பகிரப்படுகின்றன. கேமரா என்பது அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல். கிரேக்க மொழியிலிருந்து இலத்தீனுக்கு வந்தது. இப்னுல் ஹைதம் வழங்கிய சொல் 'அல்பைத்துல் முழ்லிம்', அதாவது இருண்ட அறை. துளை வழியே உருவம் விழுவதை அவருக்கு முன்னரே சீனரும் கிரேக்கரும் கண்டிருந்தனர். முன்னோர் எழுதினர் என்பதற்காக எதையும் ஏற்காமல், சோதித்துப் பார்த்தே ஏற்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவர். அத்தகையவருக்கு இல்லாத பெருமையை ஏற்றுவது புகழாகாது. உள்ள பெருமையே அவருக்குப் போதும்.

அவருடைய நூலுக்கு மறுவாழ்வு அளித்தவர் ஒரு மாணவர். பாரசீகத்தில் குத்புத்தீன் ஷீராஸி என்னும் அறிஞரிடம் பயின்ற கமாலுத்தீன் ஃபாரிஸி, ஒளி முறிவு குறித்து எழுந்த ஐயங்களைத் தம் ஆசிரியரிடம் கேட்டார். ஆசிரியர் அவரை இப்னுல் ஹைதமின் நூலின்பால் ஆற்றுப்படுத்தினார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபாரிஸி அந்நூலுக்கு 'தன்கீஹுல் மனாழிர்' என்னும் திருத்த உரையை எழுதினார். நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை மழைத்துளியாகக் கொண்டு, வானவில் தோன்றும் முறையையும் அவர் விளக்கினார். மூல நூலை மதித்துக் கற்றார். குறை கண்ட இடத்தில் காரணம் காட்டித் திருத்தினார்.

நூற்றாண்டுகள் பல கடந்தன. 1839இல் பிரான்சில் டாகர் என்பவரின் முறை வெளியிடப்பட்ட பின், இருட்டறையில் விழும் உருவத்தை வேதிப் பொருளால் நிலைநிறுத்தும் கலை உலகெங்கும் பரவியது. 1957இல் அமெரிக்காவில் ரசல் கிர்ஷ் தம் கைக்குழந்தையின் புகைப்படத்தைக் கணினிக்குள் ஏற்றினார். அகலத்தில் 176, உயரத்தில் 176 புள்ளிகளே அதில் இருந்தன. 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் 'சிசிடி' என்னும் மின்னணுச் சில்லின் கருத்தை உருவாக்கினர். ஒளியைப் பதிவுசெய்ய அச்சில்லே பயன்பட்டது. 1975இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அத்தகைய சில்லைக் கொண்டு ஒரு கேமராவை அமைத்தார். 10,000 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை நாடாவில் பதிய அது 23 வினாடிகள் எடுத்துக்கொண்டது.

வண்ணப் படம் உருவாகும் முறையை மாணவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். கேமராச் சில்லின் நுண்ணறைகள் ஒளியின் அளவை மட்டுமே உணரும், வண்ணத்தை அறியா. ஆதலால் கோடாக்கின் பிரைஸ் பேயர் வகுத்த முறைப்படி, பாதி அறைகளுக்குப் பச்சையும், கால் பகுதிக்குச் சிவப்பும், எஞ்சிய கால் பகுதிக்கு நீலமும் வடிகட்டியாக வைக்கப்பட்டன. ஒவ்வோர் அறையும் ஒரு வண்ணத்தையே அளக்கிறது. மற்ற இரண்டையும் அண்டை அறைகளைக் கொண்டு கணினி கணித்து நிரப்புகிறது. இன்றும் பெரும்பாலான கேமராக்களிலும் கைபேசிகளிலும் இம்முறையே வழங்குகிறது. ஆகவே, முற்றிலும் கைபடாத டிஜிட்டல் படம் என்று ஒன்று இல்லை.

படத் திருத்த மென்பொருளின் வரலாற்றிலும் மாணவர்களே முன்னிற்கின்றனர். தாமஸ் நோல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவர். பேராசிரியரான அவருடைய தந்தை வீட்டின் கீழ்த்தளத்தில் புகைப்பட இருட்டறை ஒன்றை வைத்திருந்தார். மகன் அச்சிடும் கலையை அங்கேயே கற்றார். 1987இல், கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை மட்டுமே காட்டவல்ல தம் கணினித் திரையில் சாம்பல் நிறச் சாயல்களையும் காட்டுவதற்காக அவர் ஒரு சிறு நிரலை எழுதினார். திரைப்படத் தந்திரக் காட்சித் துறையில் பணியாற்றிய தம்பி ஜான் நோல் அதன் பயனை உணர்ந்து உடன் உழைத்தார். அதுவே 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனத்தின் வழியாக 'ஃபோட்டோஷாப்' என வெளிவந்தது.

1995இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் 'கிம்ப்' என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினர். அடுத்த ஆண்டிலேயே அதை யாவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் வழங்கினர். விலை கொடுத்து மென்பொருள் வாங்க இயலாத குடும்பத்துப் பிள்ளைகள், திருட்டுப் பிரதியை நாடாமல் நேர்வழியிலேயே இக்கலையைக் கற்க அது இன்றும் உதவுகிறது. என் மகன் கற்றதும் அதில்தான்.

இம்மென்பொருள்களில் உள்ள கருவிகள் பல பழைய இருட்டறையிலிருந்து வந்தவை. அச்சுத்தாளின் ஒரு பகுதியில் ஒளி படாமல் சிறு தட்டியால் மறைத்தால் அப்பகுதி வெளிறும். விரல்களைக் குவித்து ஓரிடத்தில் மட்டும் கூடுதல் ஒளியை விட்டால் அவ்விடம் கறுக்கும். 'டாட்ஜ்', 'பர்ன்' என்னும் கருவிகள் செய்வது இதையே. ஃபோட்டோஷாப்பில் அவற்றின் சின்னங்களாகத் தட்டியும் குவித்த கையும் இருப்பதற்குக் காரணமும் இதுவே.

ஆனால் மற்றொரு பாடமும் இவ்வரலாற்றில் உண்டு. 1982 பிப்ரவரியில் 'நேஷனல் ஜியோகிராஃபிக்' இதழ் எகிப்தின் கீஸா பிரமிடுகளை அட்டைப் படமாக வெளியிட்டது. அகலவாக்கில் எடுத்த படம் நெடிய அட்டைக்குப் பொருந்தவில்லை. அதற்காகக் கணினியின் துணையால் ஒரு பிரமிடு நகர்த்தப்பட்டு மற்றதன் அருகே வைக்கப்பட்டது. ஃபோட்டோஷாப் பிறப்பதற்கு எட்டாண்டுகள் முன்பே நிகழ்ந்தது இது. உண்மை வெளிப்பட்டதும் கடும் கண்டனம் எழுந்தது. அப்படம் அழகாக இல்லை என்று எவரும் குறை கூறவில்லை. இதழ் காட்டியதை நம்பியிருந்த வாசகர்கள், அதன் மற்றப் படங்களையும் ஐயுறும் நிலை வந்ததே என்பதுதான் வருத்தம்.

இவ்வளவையும் கூறிய பின் மகனிடம் சொன்னேன்: "எல்லாப் படத்திலும் கணிப்பும் திருத்தமும் உண்டு. ஆகவே தொட்டோமா, தொடவில்லையா என்று கேட்பதில் பயனில்லை. நம் திருத்தத்தால் பார்ப்பவர் நடந்ததைத் தெளிவாகக் காண்கிறாரா, நடக்காததை நடந்ததாக நம்புகிறாரா என்று கேள். தூசி அந்த மண்டபத்தில் இல்லை, படச்சுருளில் இருந்தது. காலி நாற்காலிகள் மண்டபத்தில் இருந்தன."

சற்று நேரம் அவன் யோசித்தான். பிறகு, "அப்படியானால் நாற்காலிகள் தெரியாதபடி ஓரத்தை வெட்டிவிட்டால்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. "மேடையைக் காட்டுவதற்காக வெட்டினால் குற்றமில்லை. அரங்கு நிறைந்தது என்று கீழே எழுதுவதற்காக வெட்டினால், நிரப்புவதற்கும் அதற்கும் வேறுபாடில்லை" என்றேன்.

இக்கலையைக் கற்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இரு பழக்கங்களை உணர்த்தலாம். மூலப் படத்தை அழிக்காமல் தனியே வைத்துவிட்டுப் பிரதியிலேயே திருத்த வேண்டும். பெரிய மாற்றம் செய்தால் அதைப் படத்தின் கீழே எழுத வேண்டும். பிறர் நம்மை நம்பித் தரும் படமும் ஓர் அமானிதமே.

படத்தைக் கேட்டவரிடம் மகன் மறுநாள் பணிவோடு சென்று பேசினான். முதலில் முகம் சுளித்தாலும், முடிவில் அவர் ஒப்புக்கொண்டார். மலர் வெளிவந்தது. பின்வரிசையில் காலி நாற்காலிகள் அப்படியே இருக்கின்றன. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியவர்களின் முகங்கள் முன்பைவிடத் தெளிவாகத் தெரிகின்றன.